மேசையிலிருந்து நூதனசாலைக்கு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன்னர் உயர்தர வகுப்பில் தமிழ் நாவலின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1879ஆம் ஆண்டில் அச்சேறிய வேதநாயகம்பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1885இல் வெளிவந்த சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்', 1895இல் வெளிவந்த திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' என்று ஆண்டுகளையும் பெயர்களையும் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவியொருத்தி எழுந்தாள்.

"சேர், இதெல்லாம் அவையள் தங்கட கையால எழுதின கொப்பியள் இப்ப எங்க இருக்கு?"

இருபது வருடங்களாக இதே பாடத்தைப் படிப்பித்து வருகிறேன். இந்தக் கேள்வியை இதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. "தெரியாது பிள்ளை" என்று சொல்லிவிட்டு வீடு வந்தேன். ஆனால் கேள்வி என்னோடு கூடவே வந்துவிட்டது. ஒரு நாவலின் மூலக் கையெழுத்துப் பிரதி எழுத்தாளரின் மேசையிலிருந்து நூதனசாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் எவ்வாறு போய்ச் சேருகிறது? சிலவற்றுக்கு அந்தப் பேறு கிடைக்க, வேறு சில எங்கே போய்விடுகின்றன? இன்றைய உரையில் இதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

அச்சு வந்ததும் நேர்ந்தது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓலைச்சுவடிக் காலத்தில் கையெழுத்துப் பிரதி, நூல் என்று இரண்டு பொருள்கள் இருக்கவில்லை. ஏடே நூல்; நூலே ஏடு. ஓலை மூப்படையும்போது இன்னொருவர் புதிய ஓலையில் பார்த்து எழுதினார். 'பஞ்சவன்னத் தூது' பாடிய எங்கள் இணுவில் சின்னத்தம்பிப் புலவரின் பாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறதென்றால், பெயர் தெரியாத பல கைகள் அதைப் படியெடுத்தன என்பதே காரணம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை வீடு வீடாக ஏடு தேடி, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சிட்டபோது, அந்தப் படியெடுப்பின் கடைசிக் கண்ணிகளைத்தான் கையிலெடுத்தார். தொட்டால் ஒடியும் ஓலைகளோடு அவர் பட்ட பாட்டைப் பதிப்புரைகளில் அவரே எழுதியிருக்கிறார்.

அச்சு இந்த நிலையை மாற்றியது. ஒரு நாவல் ஆயிரம் பிரதிகளாக அச்சேறியதும், அதற்கு ஆதாரமாயிருந்த தாள்கள் தம் வேலையை முடித்துக்கொண்டவை ஆயின. ஈய எழுத்துக் கோத்த காலத்து அச்சுக்கூடமொன்றை நினைத்துப் பாருங்கள். எழுத்தாளர் கொடுத்த கொப்பியைத் தாள் தாளாகப் பிரித்து, அச்சுக்கோப்பவர்கள் நாலைந்து பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். மை படிந்த பெருவிரல் ஒவ்வொரு தாளிலும் பதியும். சரவை பார்த்துத் திருத்தம் முடிந்ததும் அந்தத் தாள்கள் குப்பைக்கோ அடுப்புக்கோ போய்விடும். கேட்டு வாங்குவதற்கு ஒருவர் இல்லாவிட்டால் அதுதான் இயல்பான முடிவு. ஆகவே ஒரு மூலப்பிரதி அழிந்தது ஏன் என்று வியப்பதற்கில்லை. ஒன்று தப்பியது எப்படி என்பதே விசாரிக்க வேண்டிய விடயமாகும்.

கோட்டையில் இருந்த துரை

தப்பிய பிரதியொன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அதை எழுதியவர் யாழ்ப்பாணத்துக்குத் தெரிந்தவர். 1905ஆம் ஆண்டு சனவரியில், வொல்ரேயரின் எழுத்துகள் அடங்கிய தொண்ணூறு தொகுதிகளோடும் ஒரு நாயோடும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த இளம் சிவில் சேவை உத்தியோகத்தர் லெனார்ட் வூல்ப். கோட்டைக்குள் குடியிருந்து, கச்சேரியில் வேலை பார்த்து, தமிழ் படித்து, 1907 வரை இங்கே இருந்தார். பின்னர் கண்டிக்கும், 1908இல் அம்பாந்தோட்டைக்கும் மாற்றலானார். 1911இல் விடுமுறையில் இங்கிலாந்து போனவர் அரசாங்க உத்தியோகத்துக்குத் திரும்பவேயில்லை. வேர்ஜினியா ஸ்ரீபனை மணந்தார்; அவரே பிற்காலத்தில் வேர்ஜினியா வூல்ப் என உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியை.

1913இல் லெனார்ட் வூல்ப் வெளியிட்ட நாவல் 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்'. அம்பாந்தோட்டைக் காட்டினுள் சிறிது சிறிதாக அழிந்துபோகும் ஒரு கிராமத்தின் கதை அது. வேட்டைக்காரன் சிலிந்துவும் அவனுடைய இரட்டைப் பெண்பிள்ளைகளும் காட்டுக்கும் கடனுக்கும் சட்டத்துக்கும் இடையில் நசுங்குவதை, ஆண்ட இனத்தைச் சேர்ந்த ஒருவர் ஆளப்பட்டவர்களின் பக்கத்தில் நின்று எழுதினார். சிங்களத்தில் அது 'பெத்தேகம' ஆகி, லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் கையில் திரைப்படமும் ஆயிற்று.

இங்கிலாந்திலிருந்து எழுதப்பட்ட அந்த நாவலின் கையெழுத்துப் பிரதி இலண்டன் நூதனசாலை ஒன்றுக்குப் போகவில்லை. அன்பளிப்பாகக் கடல் கடந்து வந்து பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தது. கதை நடந்த நாட்டுக்கே கதையின் மூலம் திரும்பி வந்தது என்று சொல்லலாம். வந்து சும்மா இருக்கவுமில்லை. பேராசிரியர் யஸ்மின் குணரத்தின அதை அச்சு நூலோடு ஒப்பிட்டு, ஆசிரியர் வெட்டிய பகுதிகளையும் ஓரக் குறிப்புகளையும் சேர்த்து 2004இல் ஒரு பதிப்பு வெளியிட்டார். ஏறத்தாழத் தொண்ணூறு வருடங்களாக அச்சில் இருந்த நாவலுக்குள் வாசகர் அறியாத வரிகள் இருந்தன. பிரதி இங்கே இருந்தபடியால் அவை வெளிவந்தன.

நண்பரின் நாவல் ரெக்சாஸ் போனது

வூல்ப்பின் நெருங்கிய நண்பர் ஈ. எம். போஸ்ரர். 'எ பசேஜ் ரு இந்தியா' என்ற நாவலை முதல் உலகப்போருக்கு முன்பே தொடங்கி, நடுவில் முடியாமல் வைத்துவிட்டு, 1921இல் மறுபடியும் இந்தியா சென்று தேவாஸ் சமஸ்தானத்தில் மகாராசாவின் செயலாளராக இருந்து திரும்பிய பிறகு மீண்டும் எடுத்தார். 'முடித்துவிடு' என்று அவரை ஊக்கியவர்களில் வூல்ப் முக்கியமானவர். நூல் 1924இல் வெளிவந்தது.

அதன் மூலப்பிரதியின் கதை வேறு. இலண்டனில் 'லண்டன் லைப்ரரி' என்று ஒரு பழைய சந்தா நூலகம் உண்டு. வரிச்சலுகையை இழந்து அது பணமுடைப்பட்டபோது, எழுத்தாளர்களும் ஓவியர்களும் தங்களிடமிருந்தவற்றைக் கொடுத்து உதவினர். போஸ்ரர் தம் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். 1960 யூன் மாதம் நடந்த ஏலத்தில் அது 6,500 பவுணுக்கு விலைபோனது. உயிரோடிருக்கும் ஓர் எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதிக்கு அதுவரை எவரும் அத்தனை தொகை கொடுத்ததில்லை. வாங்கியது அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகம். ரி. எஸ். எலியற்றும் 'த வேஸ்ற் லான்ட்' கவிதையை அந்த ஏலத்துக்காகவே தம் கையால் மறுபடியும் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆக, கங்கைக்கரை ஊரொன்றைப் பற்றி ஓர் ஆங்கிலேயர் எழுதிய தாள்கள் இன்று அமெரிக்கத் தென்மாநிலமொன்றில் இருக்கின்றன. இதில் குறை காண்பதற்கில்லை. அந்தப் பணம் ஒரு நூலகத்தைக் காப்பாற்றியது. பிரதியும் பத்திரமாக இருக்கிறது. அறிஞர்கள் அதைத் தாள் தாளாக ஆராய்ந்துமிருக்கிறார்கள். ஆனாலும் ஏலத்துக்குப் போன பிரதி எந்த ஊருக்குப் போகும் என்பதைப் பணம்தான் தீர்மானிக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிற்றூரும் ஒரு மரணசாதனமும்

மூன்றாவது வழியே எனக்கு மிகவும் பிடித்தது. அது மரணசாதனத்தின் வழி. அதற்கு எடுத்துக்காட்டு சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'கிறேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்'.

டிக்கன்ஸ் 'ஓல் த இயர் ரவுண்ட்' என்ற வாரப் பத்திரிகையை நடத்திவந்தார். அதில் போய்க்கொண்டிருந்த இன்னொருவரின் தொடர்கதை வாசகரைப் பிடிக்காமல் விற்பனை சரிந்தது. பத்திரிகையைத் தூக்கி நிறுத்துவதற்காகத் தாமே ஒரு தொடர்கதையில் இறங்கினார். 1860 டிசெம்பர் 1ஆம் திகதியிலிருந்து 1861 ஓகஸ்ற் 3ஆம் திகதி வரை 36 வாரங்கள் அது வெளிவந்தது. கொல்லன் வீட்டில் வளரும் பிப் என்ற அநாதைச் சிறுவன், தன்னைப் பெரிய மனிதனாக்குவது யார் என்றறியாமலே பெரிய மனிதனாகி, உண்மை தெரிந்தபோது உடைந்துபோகும் கதை. வாரந்தோறும் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்த தாள்களில் அடித்தலும் திருத்தலும் வரிகளுக்கிடையே செருகிய சொற்களுமாக நிறைந்திருக்கின்றன.

அந்தத் தாள்களும் அச்சுக்கோப்பவர்களின் கைக்குத்தான் போயின. ஆனால் டிக்கன்ஸ் அவற்றைத் திரும்ப வாங்கினார். அவர் எழுத வந்த புதிதில் இந்தப் பழக்கம் அவ்வளவாக இருக்கவில்லை. 'பிக்விக்' போன்ற தொடக்ககால நாவல்களின் மூலத்தில் சில தாள்களே எஞ்சியுள்ளன. பின்னர் நண்பர் ஜோன் போஸ்ரர் - இவர் மேலே சொன்ன நாவலாசிரியர் அல்லர், டிக்கன்ஸின் வரலாற்றை எழுதியவர் - பெரும்பாலானவற்றைப் பேணி வைத்தார். 1876இல் அவர் இறந்தபோது அவை இலண்டன் சௌத் கென்சிங்ரன் நூதனசாலைக்குச் சென்றன. விக்ரோரியா அன்ட் அல்பேட் என்று இன்று அழைக்கப்படுவது அதுதான்.

'கிறேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்' மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அதை டிக்கன்ஸ் கட்டுவித்து, சோன்சி ஹெயர் ரவுன்சென்ட் என்ற நண்பருக்கு அன்பளித்தார். நூலைச் சமர்ப்பணம் செய்ததும் அவருக்கே. ரவுன்சென்ட் ஒரு மதகுரு, கவிதை எழுதியவர், மெஸ்மெரிசம் என்ற வசிய சிகிச்சை முறையில் ஈடுபாடுள்ளவர், இரத்தினக் கற்கள், ஓவியங்கள், நாணயங்கள் என்று எதையும் சேர்த்து வைப்பவர். அவர் 1868இல் காலமானபோது, தம் சேகரிப்பை இரண்டாகப் பிரித்து மரணசாதனம் எழுதியிருந்தார். ஒரு பகுதி சௌத் கென்சிங்ரனுக்கு. மற்றப் பகுதி விஸ்பீச் என்ற ஊரின் நூதனசாலைக்கு. டிக்கன்ஸின் பிரதி விஸ்பீச்சுக்குப் போயிற்று. மத்தியூ லூயிஸ் 1796இல் வெளியிட்ட 'த மங்க்' என்ற நாவலின் கையெழுத்துப் பிரதியும் அதே ஊரில்தான் இருக்கிறது.

விஸ்பீச் என்பது இங்கிலாந்தின் கிழக்கே, சதுப்பு நிலத்தை வடித்துத் தோட்டமாக்கிய பிரதேசத்தில் ஆற்றோரமாக உள்ள ஒரு சிறு பட்டினம். மண்ணை நம்பிய ஊர். எங்கள் இணுவிலையும் சுன்னாகத்தையும் மானிப்பாயையும் சேர்த்து நினைத்தால் ஏறக்குறைய ஒரு படம் கிடைக்கும். உலகப் புகழ்பெற்ற நாவலின் மூலம் அங்கே போனது எவ்வாறு? அவ்வூரார் 1835இலேயே நூதனசாலைச் சங்கமொன்றை நிறுவி, 1847இல் அதற்கென ஒரு கட்டடத்தையும் எழுப்பியிருந்தார்கள். டிக்கன்ஸ் அந்த நாவலில் ஒரு சொல் எழுதுவதற்குப் பதின்மூன்று வருடங்களுக்கு முன்பே, அது வைக்கப்படப்போகும் கட்டடம் எழும்பிவிட்டது. ரவுன்சென்ட் மரணசாதனம் எழுத உட்கார்ந்தபோது, அதில் எழுதுவதற்கு ஒரு முகவரி இருந்தது. நான் இன்று உங்களிடம் சொல்ல வந்த செய்தி இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். டிக்கன்ஸ் தம் கடைசி முழு நாவலான 'அவர் மியூச்சுவல் பிரெண்ட்' பிரதியை, நல்ல விமர்சனம் எழுதிய டாலஸ் என்பவருக்கு அன்பளித்தார். டாலஸின் கையிலிருந்து அது விலைபோய், கடைசியில் நியூயோர்க் மோர்கன் நூலகத்தை அடைந்தது. இரண்டும் ஒரே ஆசிரியர் அன்போடு கொடுத்த பரிசுகளே. ஒன்று சந்தைக்குப் போனது. மற்றது ஓர் ஊரின் பொதுச்சொத்தாயிற்று.

தாள் சொல்லும் சேதி

'அச்சுப் புத்தகம்தான் இருக்கிறதே, இந்தப் பழைய தாளுக்கு ஏன் இத்தனை பாடு?' என்று நேயர்களில் சிலர் நினைக்கலாம். விஸ்பீச் பிரதியையே சான்றாகக் கொள்வோம்.

அந்த நாவலுக்கு டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில் பிப்பும் எஸ்தெல்லாவும் இலண்டன் தெருவில் சிறிது நேரம் சந்தித்துப் பிரிந்துவிடுகிறார்கள். நண்பர் புல்வர் லிற்றன் இது வேண்டாம் என்று வற்புறுத்தவே, வேறொரு முடிவை எழுதினார். வாசகர் வாசித்தது இரண்டாவதை. முதல் முடிவை ஜோன் போஸ்ரர் 1874இல்தான் வெளியிட்டார். விஸ்பீச் பிரதியில் இருப்பது மாற்றிய முடிவு. அதிலும் கடைசி வாக்கியத்தின் ஈற்றில், மரணத்தை நினைவூட்டும் ஓரிரு சொற்கள் கையெழுத்தில் உண்டு. அச்சில் அவை இல்லை. அந்த வாக்கியம் அடுத்த ஆண்டுப் பதிப்பில் மீண்டும் மாறியது. இருவரும் சேர்ந்தார்களா பிரிந்தார்களா என்று இன்றும் வகுப்பறைகளில் நடக்கும் விவாதத்துக்கு அந்தச் சொற்களும் ஒரு சாட்சி.

பிரதியோடு சேர்த்துச் சில குறிப்புத் தாள்களும் இருக்கின்றன. பாத்திரங்களுக்கு எந்தக் கட்டத்தில் என்ன வயது என்று டிக்கன்ஸ் கணக்குப் பார்த்திருக்கிறார். தேம்ஸ் ஆற்றில் படகேறித் தப்பியோடும் காட்சிக்காக வற்று வெள்ளம், பெருகு வெள்ளம் எத்தனை மணிக்கு என்றும் குறித்திருக்கிறார். மேதை என்று நாம் கும்பிடும் ஒருவர் கடற்றொழிலாளியைப் போல வெள்ளக் கணக்குப் பார்த்ததை என் மாணவருக்குச் சொன்னபோது, கட்டுரை எழுதும் கொப்பியில் அடித்துத் திருத்துவதற்கு அவர்கள் வெட்கப்படுவது கொஞ்சம் குறைந்தது.

கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 2011இல் அந்தப் பிரதியைத் தாளுக்குத் தாள் படம்பிடித்து நூலாக வெளியிட்டது. வெளிச்சம் மையையும் தாளையும் தின்னும். ஆகவே மூலம் பெரும்பாலும் இருட்டில் ஓய்வெடுக்க, அதன் படம் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1865 யூன் 9ஆம் திகதி டிக்கன்ஸ் பிரயாணம் செய்த புகையிரதம் ஸ்ரேப்பிள்ஹேர்ஸ்ற் என்ற இடத்தில் பாலமொன்றில் தடம்புரண்டது. அவர் இருந்த பெட்டி தொங்கிக்கொண்டு நின்றது. காயப்பட்டோருக்குத் தண்ணீர் கொடுத்து உதவியபின், தொங்கிய பெட்டிக்குள் மறுபடியும் ஏறி, தம் மேலங்கியில் இருந்த 'அவர் மியூச்சுவல் பிரெண்ட்' அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். சரியாக ஐந்து வருடங்களின் பின் அதே திகதியில் அவர் இறந்தார். இந்தச் சம்பவத்தை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்று இனிச் சொல்கிறேன்.

பெரியப்பாவின் மூன்று கொப்பிகள்

என் பெரியப்பா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். எழுபதுகளில் ஒரு நாவல் எழுதினார். இணுவிலின் புகையிலைத் தோட்டங்களும் திருவிழா மேளக் கச்சேரிகளும் ஒரு குடும்பத்துக் காணிச் சண்டையும் கலந்த கதை. பத்திரிகையொன்றில் தொடராக வந்தது, புத்தகமாகவில்லை. மூன்று தடித்த கொப்பிகளில் எழுதிய மூலத்தை றங்குப்பெட்டியில் வைத்திருந்தார்.

முதலாவது கொப்பியை நூலாக்கித் தருவதாகச் சொன்ன ஒருவர் வாங்கிப் போனார். கொப்பியும் வரவில்லை, நூலும் வரவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அப்பா சைக்கிளில் அரிசியையும் காணி உறுதிகளையும் கட்டினார். எல்லோரும் படலையைத் தாண்டியபின், பெரியப்பா மட்டும் மறுபடியும் வீட்டுக்குள்ளே போனார். "அண்ணை, இப்ப என்னத்துக்கு உள்ள போறியள்?" என்று அப்பா சத்தம் போட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. மூன்றாவது கொப்பியைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு வந்தார். இருட்டில் கைக்கு அகப்பட்டது அது ஒன்றுதான். மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி போய்ச் சேர்ந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரை திறந்திருந்தது. றங்குப்பெட்டிக்குள் இரண்டாவது கொப்பி இருந்த இடத்தில் கறையான் மண் இருந்தது.

பெரியப்பா காலமாகி வருடங்கள் பல. அந்த ஒரு கொப்பி என் அலுமாரியில் இருக்கிறது. தொடர் வந்த பத்திரிகைகளும் என் கையில் இல்லை. அதில் கடைசி அத்தியாயம் இரண்டு விதமாக எழுதப்பட்டு, முதலாவது குறுக்கே வெட்டப்பட்டிருக்கிறது.

அவர் ஏன் அதை எங்கும் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. வீட்டில் வைத்திருந்தால் தப்பியிருக்குமே என்று நம்பிக்கையோடு கொடுத்தவர்கள் அழுதார்கள். அதன் பின் எங்கள் தலைமுறை பத்திரமான இடம் என்று ஒன்றை நம்புவதற்கு அஞ்சியது. வீட்டுப் பெட்டிகளை நம்பினோம். 1995இல் வீடுகளும் போயின. ரவுன்சென்டின் மரணசாதனத்தில் இருந்த முகவரி பெரியப்பாவுக்கு இருக்கவில்லை. இருந்த முகவரியும் எரிந்திருந்தது.

இனிச் செய்யக்கூடியது

இதற்கு விடை நம் ஓலைக்காரரிடமும் விஸ்பீச்சாரிடமும் சேர்ந்தே இருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் படியெடுக்க வேண்டும். கையால் எழுத வேண்டிய காலம் போய்விட்டது. 2005ஆம் ஆண்டிலிருந்து நூலகம் நிறுவனத்தினர் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆவணங்களையும் மின்வடிவில் சேமித்து வருகிறார்கள். பல இடங்களில் படி இருந்தால் ஓரிடத்து நெருப்பு எல்லாவற்றையும் தின்ன முடியாது. அடுத்தது, மூலத்தை ஓர் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். படத்தில் சொல் தெரியும். தாளின் தன்மையும் மையின் அழுத்தமும் ஒட்டிய துண்டுக்குக் கீழே உள்ள வரியும் மூலத்தில்தான் கிடைக்கும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கொப்பி இருந்தால் சில விடயங்களைக் கவனியுங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டும் நாடா ஒட்டாதீர்கள்; அதன் பசை காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கி உடைத்துவிடும். பொலித்தீன் பையில் இறுகக் கட்டாதீர்கள்; எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சுவரோடும் நிலத்தோடும் முட்டாமல், காற்றுப்படும் அலுமாரியில் படுக்கையாக வையுங்கள். துருவேறும் குண்டூசியையும் கிளிப்பையும் கழற்றிவிடுங்கள். எழுதியவர் யார், எந்த ஆண்டு, உங்களிடம் எப்படி வந்தது என்பதை வேறொரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் அனாதையான கொப்பிகள் எத்தனையோ.

கொடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகனோடு தொலைபேசியில் கதைத்தேன். அவருக்கு விருப்பமில்லை. வெட்டிய அத்தியாயத்தில் வரும் ஒரு பாத்திரம் எங்கள் சொந்தக்காரர் ஒருவரைப் போலவே இருக்கிறது. "எங்கட வீட்டுக் கதையை ஊர் வாசிக்கவோ?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆவணக் காப்பகங்களில் இதற்கும் ஒரு வழி உண்டு என்று விளக்கினேன். இத்தனை ஆண்டுகள் செல்லும்வரை இந்தப் பகுதியை ஒருவருக்கும் காட்டக்கூடாது என்று எழுத்தில் நிபந்தனை போட்டு ஒப்படைக்கலாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பா அதைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்தானே, நீ சொல்லுற மாதிரிச் செய். ஆனா இருபது வருசம் எண்டு போடு" என்றார்.

இப்போது கொப்பியைத் தாள் தாளாகப் படம்பிடித்து முடித்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். எங்கள் ஊர் நூலகத்தாரிடம் ஒரு பூட்டுள்ள அலுமாரி பற்றிப் பேசியிருக்கிறேன். கூடிப் பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது சரிவராவிட்டால் பல்கலைக்கழக நூலகத்தைக் கேட்பேன். நொத்தாரிசிடம் போய் என் மரணசாதனத்திலும் ஒரு வரி சேர்க்க இருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

கேள்வி கேட்ட மாணவிக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. வேதநாயகம்பிள்ளையின் கொப்பி எங்கே என்று எனக்கு இப்போதும் தெரியாது. அடுத்த கிழமை பெரியப்பாவின் கொப்பியை வகுப்புக்குக் கொண்டுபோய், வெட்டிய பக்கத்தைத் திறக்காமல், அவர்களுக்குக் காட்டலாம் என்று நினைத்திருக்கிறேன்.